ஹோல்டு

மே இருபத்தெட்டு. கரண்ட் போய்விட்டது.
கத்திவாக்கம் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்
எல்லாரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள்.
நாங்கள் மட்டும் உள்ளே,
போன் வெளிச்சத்தில்,
பதினேழு கல்லூரிகளோடு.

ப்ளஸ் டூ புத்தகமே இன்னும் தரவில்லை.
ஆனால் ஸ்கூல் திறக்கும்போது
ஆறுக்கு மேல் கொண்டுவரக் கூடாதாம்.
எத்தனை மார்க் வேண்டுமென்று தெரிந்தால்தான்
எத்தனை மணிக்கு எழுவதென்று தெரியுமாம்.

அப்பா சாத்தாங்காடு கன்டெய்னர் யார்டில் டேலி எழுதுகிறவர்.
பெட்டி நம்பர், சீல் நம்பர், வந்த நேரம், போன நேரம்.
கல்லூரிகளையும் அப்படித்தான் பார்க்கிறார்,
ஒரு கண்ணைச் சுருக்கி.
பேரைப் படிப்பதில்லை. ஃபீஸ் மட்டும்.
ஒரு நீலக் கோடு. இன்னொரு நீலக் கோடு.
ஐந்தாவதில் பேனா நின்றது.
"இது மொத்தமுமா?"
பஸ்ஸுக்குத் தனி என்றேன்.
பேனா நகர்ந்தது.

அம்மா கோடு போடமாட்டாள்.
"அது எங்க கீது?"
ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி.
"எத்தினி மணிக்கு வூட்டுக்கு வருவே?"
ஏழரை. லாரி நின்றுவிட்டால் ஒன்பது.
எண்ணூர் ரோட்டில் லாரி நிற்காத நாளை
அவளும் பார்த்ததில்லை, நானும்.
விசிறியைக் கை மாற்றினாள்.
அடித்தேன்.

அண்ணன் டெரிக் ஹெல்மெட்டோடு உள்ளே வந்தான்,
தண்ணீர் குடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தான்.
"இதுல நூறு பர்சன்ட் பிளேஸ்மென்ட்டுனு போட்டிருப்பானே?
என்கூட பார்சல் போடுற ரெண்டு பேரு இந்தக் காலேஜ்தான்."
அதுவும் போனது.

நூற்றுத் தொண்ணூற்றெட்டு கட்-ஆஃப் கேட்ட ஒன்றை
யாரும் சொல்வதற்குள் நானே அடித்தேன்.
லெவன்த்தில் ஃபிசிக்ஸ் அறுபத்தொன்று.
மெல்லிசாக அடித்தேன்,
கோட்டுக்குக் கீழே பேர் தெரிகிற மாதிரி.

நான் பார்த்த காலத்தை அவர்கள் யாரும் பார்க்கவில்லை.

மேற்கே இருந்து காற்று திரும்பும் ராத்திரிகளில்
இரண்டு மணி சுமாருக்கு ஒரு வாடை வரும்.
சாக்கடை இல்லை. சிலிண்டர் இல்லை.
கருவாடு என்றால் எங்களுக்குத் தெரியாதா?
தொண்டையில் ஒரு நாணயம் வைத்த மாதிரி.
ஈரத்துணி கட்டிக்கொள்ளத் தெரியும்,
எந்த ஜன்னலை முதலில் மூட வேண்டுமென்று தெரியும்.
போன டிசம்பரில் புகார் நம்பருக்கு நான்தான் போன் செய்தேன்.
"என்ன வாடைம்மா? கரெக்டா சொல்லு."
சொல்ல முடியவில்லை.
எழுதிக்கொள்ளாமலே வைத்துவிட்டார்.

அதற்குப் பேர் சொல்லித் தருகிற படிப்பு
பதினேழில் நான்கு இடத்தில் இருந்தது.
இப்போது மிச்சம் ஐந்து கல்லூரி.
ஐந்திலும் கம்ப்யூட்டர். ஐந்திலும் பஸ்.
அது எதிலும் இல்லை.

"இதை அடிக்காதீங்க" என்றேன்,
அடித்து முடித்த ஒன்றின்மேல் விரலை வைத்து.
காரைக்குடிப் பக்கம். ஹாஸ்டல்.
நானூறு கிலோமீட்டர்.
அம்மாவின் விசிறி நின்றது.
டெரிக் ஹெல்மெட்டைக் கழற்றினான்.
"ஏன் இது?" என்றார் அப்பா.
ராத்திரி வாடை என்றேன். அதற்குமேல் வரவில்லை.

அப்பா யாரையும் பார்க்கவில்லை.
அழிக்கிற வழக்கம் யார்டில் கிடையாது,
நீலக் கோடு நீலக் கோடுதான்.
பக்கத்தில் ஒரு வட்டம் போட்டார்,
உள்ளே ஆங்கிலத்தில் ஒரு எழுத்து.
பேப்பர் வந்து சேராத பெட்டிக்குப் போடுவது.
"ஹோல்டு.
க்ளியரன்ஸ் வர்ற வரைக்கும் அங்கியே கெடக்கும்.
ஒண்ணு பதினோரு மாசம் கெடந்துது."

அப்புறம் எடுத்தார்களா?

"எடுத்தாங்க."

சும்மா வைத்திருப்பார்களா என்றேன்.
"சும்மாவா? நாளுக்கு நாள் வாடகை ஏறும்."
பேனாவை மூடிப் பையில் செருகினார்.

வெளியே யாரோ கத்தினார்கள், கரண்ட் வந்துவிட்டது.
அம்மா எழுந்து போய்
மேற்கு ஜன்னலைச் சாத்தினாள்.
மணி ஒன்பதரைதான்.
நான் அலாரத்தை ஐந்திலிருந்து
நாலேகாலுக்கு மாற்றினேன்.